வாட்ச் செயினில் பதினொரு வருஷம்

ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காயிற்று. "பூதக்கண்ணாடி வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். வந்தாச்சு என்றால் அறுவை அறைக்காரர்களுக்குப் பாதி நிம்மதி. கத்தரிக்கோலோ, இடுக்கியோ, எலும்பு அறுக்கும் வாளோ, எதுவும் அவள் கையைத் தாண்டாமல் அந்த அறைக்குள் போகாது. கழுவி, தேய்த்து, காய்ந்ததும் விளக்கடியில் ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்து, தட்டில் அடுக்கி, கிருமி கொல்லும் நீராவிப் பெட்டிக்கு அனுப்புவது அவள் வேலை.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவள் அங்கே தரை துடைக்கத்தான் சேர்ந்தாள். ஒருநாள் காலை, கருவிகள் கழுவும் அறையில் வாளியோடு நின்றவள், ஜன்னல் வெயிலில் கிடந்த தட்டைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், அந்த மூணாவது கத்தரியில ஏதோ இருக்கு" என்றாள்.

தலைமை நர்ஸுக்கு வந்ததே கோபம். "நானே பாத்து அடுக்கினது. நீ உன் வேலையப் பாரு."

"சரிங்க சிஸ்டர். ஆனா இருக்கு."

அந்த 'ஆனா இருக்கு'தான் அவள் தலையெழுத்தை மாற்றியது. நர்ஸ் வேண்டாவெறுப்பாகக் கத்தரியை எடுத்து, விரித்து, விளக்கடியில் பிடித்தார். இரண்டு அலகும் சேருகிற ஆணிக்குப் பக்கத்தில் நூல் துணுக்கு மாதிரி ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த அம்மாள் நல்ல மனுஷி. முகம் சுருங்கியதே தவிர வாய் திறந்து ஒரு சொல் தப்பாகச் சொல்லவில்லை. அடுத்த மாதம் வாளியை வேறொருத்தி எடுத்துக்கொண்டாள். இவள் கையுறை மாட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றாள். கதையைக் கேள்விப்பட்ட எலும்பு டாக்டர் ஒருவர் சிரித்துக்கொண்டே வைத்ததுதான் பூதக்கண்ணாடி என்கிற பெயர். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "கண்ணு நல்லா இருக்குன்னுதானே சொல்றாரு, சொல்லட்டும்" என்று விட்டுவிட்டாள்.

அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஆளைப் பார்த்தால் அரைக் கதவு அகலம். குரலைக் கேட்டால் குழந்தை. வேனில் ஹாரன் அடிக்க அவருக்குப் பிடிக்காது. வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, ஜன்னல் வழியே தலையை நீட்டி, வாயாலேயே "பாம் பாம்" என்பார். குழந்தைகளுக்கு அவர் பாம்பாம் மாமா. பத்து வருஷம் ஒரு கீறல் இல்லாமல் வேன் ஓட்டியதற்காகப் பெற்றோர்கள் சேர்ந்து ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தார்கள். ஸ்டீல் செயின் போட்ட கனமான வாட்ச். முதுகுப்பக்கம், 'எங்கள் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுவந்தவருக்கு' என்று செதுக்கியிருந்தது. அதைக் கட்டிய நாளிலிருந்து பதினொரு வருஷம் அவர் கழற்றவில்லை. குளிக்கும்போதும் கையில்தான், வேன் கழுவும்போதும் கையில்தான், தூங்கும்போதும் கையில்தான். "மணி என்ன மாமா?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு வாண்டு கேட்டால் போதும், சிக்னலில் நிற்கிற நேரத்தில் கையை மேலே தூக்கி வேன் முழுக்கக் காட்டுவார்.

ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பூதக்கண்ணாடி வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கவே கூடாத மனிதர் கூடத்தில் உட்கார்ந்து ஒரே துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"என்னங்க, இந்நேரத்துல வீட்டுல? வேன் ரிப்பேரா?"

"வேனுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் ரிப்பேராம்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. புதன்கிழமை காலை, தெருமுனையில் மழலையர் வகுப்புக் குழந்தை ஒன்றை வேனில் தூக்கி ஏற்றும்போது அவர் முழுக்கைச் சட்டையும் வாட்ச்சும் மேலே ஏறிவிட்டன. மஞ்சள் ஸ்கூட்டரில் வந்து நின்றிருந்த அந்தக் குழந்தையின் அம்மா, மணிக்கட்டைச் சுற்றிச் செக்கச்செவேலென்று தோல் உரிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டாள். "இது என்னங்க?" என்று கேட்டாள். இவர் வெகுளியாக, "சும்மா அரிப்புதாம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பெற்றோர்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். மத்தியானத்துக்குள் அரிப்பு அதில் சொறியாயிற்று. சாயங்காலம் சொறி படையாயிற்று. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் படை தொற்றுநோயாகி, யாரோ ஒருவர் எந்த ஊரிலோ யாருக்கோ வந்த புண்ணின் படத்தையும் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு, கண்ணைப் பார்க்காமல், கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை சர்டிபிகேட்டோடு வந்து பாருங்கள் என்றார். இவர் சாவியை மேஜையில் வைத்துவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தார்.

"கையக் காட்டுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"காட்டுங்கன்னேன்."

அவர் சட்டையை மடக்கி, வாட்ச்சை மேலே தள்ளினார். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பது இதுதானா? ஊராருடைய கத்தரிக்கோலில் நூல் துணுக்கைக் கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் புருஷன் ரெண்டு மாதமாக எதற்கு முழுக்கைச் சட்டை போடுகிறார் என்று தெரியவில்லையே. அவள் விடிவதற்குள் கிளம்பிவிடுவாள், அவர் இருட்டிய பிறகு வருவார் என்பதெல்லாம் ஒரு காரணமா?

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். நீ திட்டுவேன்னு சொல்லல."

"இப்ப மட்டும் கொஞ்சப் போறேனாக்கும்!"

திட்டிக்கொண்டே வாட்ச்சைக் கழற்றி, கையைத் திருப்பிப் பார்த்தாள். அந்தச் சிவப்பு சரியாக வாட்ச் செயினின் அகலத்துக்கு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நின்றிருந்தது. ஒரு நூல் மேலே இல்லை, ஒரு நூல் கீழே இல்லை. கொக்கி உட்காருகிற இடத்தில்தான் மோசம். வாட்ச்சை ஜன்னலுக்கு எடுத்துப்போய், செயினை வளைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே பார்த்தால் ஸ்டீல். வளைத்ததும் கண்ணிக்குக் கண்ணி நடுவில் கறுப்பாக, பசையாக, மை அப்பிய மாதிரி என்னவோ பிதுங்கியது. நகத்தால் கிள்ளி முகர்ந்தாள். முகம் போன போக்கே பதில் சொல்லியது.

"உங்களுக்கு வந்திருக்கறது வியாதி இல்ல. அழுக்கு."

"என் வாட்சுலயா அழுக்கு?" அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "தினம் ரெண்டு வேளை அதோடதான் குளிக்கிறேன்!"

"அதான் வினையே. சோப்பு உள்ள போகுது, வெளிய வர மாட்டேங்குது. வேர்வையும் தூசியும் சேந்து உள்ளயே குடித்தனம் பண்ணுது."

மறுநாளே அவரைத் தன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தோல் டாக்டர் சின்ன வயதுப் பெண். கையைப் பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார். "இது ஒட்டற நோயே இல்லைங்க. செயினுக்கு அடியில சோப்பும் ஈரமும் தங்கி, தோல் புண்ணாயிருக்கு. ரெண்டு வாரம் வாட்ச் கட்டாதீங்க, மருந்து தடவுங்க. செயினை நல்லா சுத்தம் பண்ணிட்டு, கொஞ்சம் தளர்த்திக் கட்டிப் பாருங்க. அப்பவும் வந்துச்சுன்னா உலோகம் ஒத்துக்கலையான்னு பரிசோதிக்கலாம்." தொற்று இல்லை என்று கடிதமும் எழுதிக் கொடுத்தார். "சுத்தம் பண்றதுக்கு நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல" என்று பூதக்கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார்.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துண்டை விரித்தாள். வெள்ளைத் துணியில் விழுந்தது தொலையாது. அது ஆஸ்பத்திரிப் பாடம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற மகள், கடையிலிருந்து நுனி மெலிந்த குட்டி ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தாள்.

"அம்மா, கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோ. எந்தப் பக்கம் மேலன்னு அப்புறம் தெரியாது."

"எனக்கா தெரியாது?"

"உனக்குத் தெரியும். செயினுக்குத் தெரிய வேணாமா?"

படம் எடுத்தாயிற்று. வாட்ச்சையும் செயினையும் சேர்த்துப் பிடித்திருப்பது இரண்டு ஸ்பிரிங் பின்கள். அழுத்தினால் தெறித்து ஓடுகிற ஜாதி. அதனால் பூதக்கண்ணாடி வாட்ச்சை உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் விட்டு, கையையும் உள்ளே விட்டு, பின்னின் முனையை மெல்ல அழுத்தினாள். 'டிக்' என்று ஒரு சத்தம். பின் பறந்து கவரில் முட்டி விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. வாட்ச்சின் தலையைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். அது பதினொரு வருஷக் கிழம், தண்ணீர் புகாது என்று இனிமேல் நம்ப முடியாது. செயின் மட்டும் கிண்ணத்துக்குப் போயிற்று. கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பில் இரண்டு சொட்டு.

அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது கிண்ணத்தில் டீ இருந்தது. பால் விடாத டீ.

"அடேயப்பா" என்றாள் மகள். "அப்பா, வந்து பாருங்க. உங்க வாட்ச் டிகாக்ஷன் இறக்கியிருக்கு."

அவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பூதக்கண்ணாடி மெல்லிய நார் உள்ள பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்தாள். செயினை விரல்மேல் வளைத்தால் கண்ணிகள் வாய் திறக்கும். திறந்த வாயில் பிரஷ்ஷை விட்டு, மேலிருந்து கீழே ஒரு இழுப்பு. அடுத்த கண்ணி. அடுத்தது. கொக்கியின் உள்மடிப்பைத் திறந்தபோது அங்கே மெழுகு மாதிரி கெட்டியாகவே உட்கார்ந்திருந்தது. அதைப் பல்குத்தும் குச்சியால் நோண்டினாள். மறுபடி புதுத் தண்ணீர், மறுபடி பிரஷ். மூன்றாவது தண்ணீர் தெளிவாக நின்றது. முதல் தண்ணீரைக் கொட்டவில்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி மூடி வைத்தாள். 'என் வாட்சுலயா அழுக்கு' என்று கேட்ட மனிதருக்குச் சாட்சி வேண்டாமா?

செயினை வடிகட்டியில் போட்டு ஓடுகிற தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, மகளுடைய தலைமுடி காய வைக்கும் மிஷினை மெதுவாக ஓடவிட்டு ஈரம் இல்லாமல் காய வைத்தாள். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. கதவுக் கைப்பிடிக்குப் போடுகிற பாலிஷ் பசை வீட்டில் ஒரு டப்பா இருந்தது. துணியில் கொஞ்சம் தொட்டு, ஓரக் கண்ணிகளைத் தேய்த்தாள். கண்ணாடி மாதிரி ஆயிற்று. அதே வேகத்தில் கொக்கி மூடியையும் தேய்த்தாள்.

அங்கேதான் சறுக்கியது. ஓரக் கண்ணிகள் பிறவியிலேயே பளபளப்பு. நடு வரிசையும் கொக்கி மூடியும் அப்படி இல்லை. அவற்றில் சீப்பால் வாரிய தலைமுடி மாதிரி மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். மங்கலாக இருப்பதுதான் அவற்றுக்கு அழகு. துணியை எடுத்துப் பார்த்தபோது மூடியின் நடுவில் கோடெல்லாம் அழிந்து வட்டமாக ஒரு மினுமினுப்பு. அந்த நேரம் பார்த்தா அவர் உள்ளே வரவேண்டும்?

"இது என்ன?"

"பாலிஷ்."

"மூடியில வழுக்கை விழுந்திருக்கு!"

"ஓனர் மாதிரிதானே இருக்கும்" என்றாள் மகள். யாரும் சிரிக்கவில்லை.

அவர் செயினைக் கையில் வாங்கி, கட்டை விரலால் அந்த இடத்தைத் தடவினார். "அழுக்கா இருந்தாலும் அது என் வாட்ச் மாதிரி இருந்துச்சு" என்றார். சத்தம் போட்டிருந்தால் அவளும் பதிலுக்குப் போட்டிருப்பாள். இந்தக் குரலுக்கு என்ன செய்வது? வேனும் போய், வாட்ச்சும் போய் நிற்கிற மனிதருடைய குரல்.

"தப்பு என்னோடதுதான்" என்றாள். "தெரியாததத் தொட்டுட்டேன். சரி பண்ணிடறேன்."

"பண்ண முடியலேன்னா?"

"பண்ணிடுவேன்."

சொன்ன வேகத்தில் செய்யவில்லை, அதுதான் அவள். மறுபடியும் செயினில் கையை வைக்காமல், பரணிலிருந்து பழைய ஸ்டீல் தட்டு ஒன்றை எடுத்துக் கவிழ்த்தாள். அதன் முதுகைப் பாலிஷ் போட்டு வழுக்கையாக்கினாள். பிறகு பாத்திரம் தேய்க்கும் நார்ப்பட்டையில் முரட்டு ரகத்தை விட்டு, மென்மையான ரகத்தில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, கோடு போட்டுப் பார்த்தாள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் கோடுகள் குழம்பின. அழுத்தினால் கீறல் விழுந்தது. ஒரே திசையில், மயிலிறகால் தடவுகிற மாதிரி இழுத்து, கடைசியில் கையைத் தூக்கி, திரும்ப ஆரம்பத்துக்கே வந்து இழுத்தால்தான் கோடுகள் சொன்னபடி கேட்டன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை அந்தத் தட்டின் முதுகு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பத்து முறை வழுக்கை, பத்து முறை முடி.

பதினோராவது முறை கைக்கு நம்பிக்கை வந்தது. செயினைக் கட்டைமேல் நீட்டி வைத்து, பளபளப்பான ஓரங்களுக்கெல்லாம் பேப்பர் டேப் ஒட்டி மறைத்தாள். ஒரு மூச்சை இழுத்துப் பிடித்து, மூடியின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு ஒரு இழுப்பு. தூக்கு. திரும்ப வா. இன்னொரு இழுப்பு. ஏழெட்டு இழுப்பில் வட்டம் மங்கியது. பதினைந்தில் காணாமல் போயிற்று. டேப்பை உரித்து, இன்னொரு தரம் கழுவிக் காய வைத்து, வாட்ச்சோடு மாட்டி, அவர் முன்னால் வைத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் தேடினார். "எங்க இருந்துச்சு அந்த வழுக்கை?"

"கண்டுபிடிங்க பாப்போம்."

"தெரியலையே."

"எனக்கே தெரியல. அப்புறம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்கு அவர் தனியாகப் போவதாகத்தான் இருந்தார். பூதக்கண்ணாடி ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாள். கைப்பையில் டாக்டர் கடிதம், வாட்ச், அந்தப் பாட்டில்.

தலைமையாசிரியை அறையில் மஞ்சள் ஸ்கூட்டர் அம்மாவும் இன்னும் இரண்டு பெற்றோர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆபீஸ் கிளார்க் ஒரு ஓரமாக நின்றார். தலைமையாசிரியை கடிதத்தைப் படித்தார், மற்றவர்களிடம் கொடுத்தார். மஞ்சள் ஸ்கூட்டர் அம்மா அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. கடிதம் உங்க ஆஸ்பத்திரியிலேருந்தே வந்திருக்கு. நீங்க அங்கதான வேலை பாக்கறீங்க?" என்றாள்.

வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பூதக்கண்ணாடி குனியவில்லை. கோபமும் படவில்லை. அவளுக்கு இந்தக் கேள்வி பிடித்துக்கூட இருந்தது. தானாக இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பாள்.

"நல்லா கேட்டீங்கம்மா. கடிதத்த நம்ப வேணாம். கண்ண நம்புங்க." பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"என்ன இது, டீயா?" என்றார் கிளார்க்.

"இவர் வாட்ச் செயினைக் கழுவின தண்ணி. பதினொரு வருஷமா உங்க பிள்ளைங்களோட அலைஞ்ச தூசி, வேர்வை, சோப்பு, எல்லாம் இதுல இருக்கு. இதத்தான் இத்தனை நாளும் கையில கட்டிட்டுத் திரிஞ்சிருக்காரு. தோல் புண்ணாகாம பூவா பூக்கும்? இவர் கையத் திருப்பிப் பாருங்க. செயின் இருந்த இடத்துலதான் இருக்கு. நாலு நாளா செயின் இல்ல, காயவும் ஆரம்பிச்சிருச்சு. தொத்து நோய் ஸ்கேல் வச்சு அளந்தா வரும்?"

மஞ்சள் ஸ்கூட்டர் அம்மாவின் கையிலும் ஒரு வாட்ச், மெல்லிய ஸ்டீல் செயினோடு. பூதக்கண்ணாடியின் கண் அதன்மேல் விழுந்தது. விழுந்த கண் லேசில் எழுந்திருக்காது.

"அம்மா, உங்க வாட்ச்சக் கொஞ்சம் தர்றீங்களா? பயப்படாதீங்க, அப்படியே திருப்பிக் குடுத்துடுவேன்."

அந்த அம்மாள் தயங்கினாள். பிறகு, மறுத்தால் நன்றாக இராது என்று நினைத்தோ என்னவோ, கழற்றிக் கொடுத்தாள். பூதக்கண்ணாடி மேஜையிலிருந்த வெள்ளைத்தாள் ஒன்றை விரித்தாள். பையிலிருந்து ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்து, கொக்கியின் உள்மடிப்பில் விட்டு, மெதுவாக ஒரு இழுப்பு இழுத்துத் தாளில் துடைத்தாள். வெள்ளைத் தாளில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. பக்கத்தில் இன்னொரு கோடு.

அறையில் ஒரு சின்னச் சலசலப்பு. கிளார்க் தன் இடது கையை நைஸாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தலைமையாசிரியையின் சேலைத் தலைப்பு, தானாகவே நகர்ந்த மாதிரி, அவர் மணிக்கட்டை மூடிக்கொண்டது.

மஞ்சள் ஸ்கூட்டர் அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. பூதக்கண்ணாடி அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "இதுல குத்தம் ஒண்ணுமில்லம்மா. யார் கையில இருந்தாலும் இப்படித்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில வேலை பாக்கற எனக்கே என் வீட்டுக்காரர் கையில இருந்தது தெரியல. உங்க பிள்ளைக்காகத்தான் கேட்டீங்க, கேக்கணும். ஆனா என்கிட்டயோ இவர்கிட்டயோ நேரா கேட்டிருந்தா இவர் நாலு நாள் வீட்டுல உக்காந்து துண்டு மடிச்சிருக்க மாட்டாரு."

அந்த அம்மாள் வேன்காரர் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிடுங்கண்ணா. நான் ஒரு கேள்வியாத்தான் போட்டேன். அது இவ்வளவு தூரம் ஓடும்னு நினைக்கல."

"பரவால்லம்மா" என்றார் அவர். "பாப்பா எப்படிப் போகுது இப்ப?"

"நீங்க வராததுலேருந்து வேனுல ஏற மாட்டேங்கறா. புது டிரைவர் நிஜ ஹாரன் அடிக்கறாராம்."

தலைமையாசிரியை மேஜை டிராயரைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினார். இந்தத் தடவை கண்ணைப் பார்த்தார். "நாங்களும் அவசரப்பட்டுட்டோம். நாளைக்குக் காலையில வந்துடுங்க." பிறகு, யாருக்கும் கேட்காத குரலில் பூதக்கண்ணாடியிடம், "செயினை எதால கழுவினீங்க?" என்றார்.

மஞ்சள் ஸ்கூட்டர் அம்மா அன்றைக்குச் சாயங்காலமே போன் குழுவில் எல்லாவற்றையும் எழுதினாள். டாக்டர் கடிதத்தின் படத்தையும், தாளில் விழுந்த தன்னுடைய கறுப்புக் கோட்டின் படத்தையும் சேர்த்தே போட்டாள். தன் அழுக்கைத் தானே ஊருக்குக் காட்ட ஒரு மனசு வேண்டும். பூதக்கண்ணாடி அதைக் கேள்விப்பட்டு, "அந்தப் பொண்ணு நேர்மையானவ" என்றாள். அதற்குப் பிறகு அந்த அம்மாளைப் பற்றி வீட்டில் யாரையும் ஒரு வார்த்தை பேச விடவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் வெறுங்கையோடு வேன் ஓட்டினார். "மணி என்ன மாமா?" என்று கேட்ட வாண்டுகளுக்கு, "வாட்ச் லீவுல இருக்கு" என்று பதில் சொன்னார். டாக்டர் சொன்ன இரண்டு வாரம் முடிந்து, தோல் தெளிந்ததும், செயினை ஒரு கண்ணி தளர்த்திக் கட்டிக்கொண்டார். பூதக்கண்ணாடி தினமும் சாயங்காலம் கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று. சிவப்பு வரவில்லை. இப்போது குளிக்கும்போது வாட்ச் குளியலறை அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. முதல் சில நாள் அதை அங்கேயே மறந்துவிட்டு, பாதித் தெருவிலிருந்து வேனைத் திருப்பிக்கொண்டு வந்தார் என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடத்தில் ஒரு சனிக்கிழமை, ஆசிரியர்களுக்கெல்லாம் வாட்ச் செயின் கழுவுவதைச் செய்து காட்டச் சொல்லித் தலைமையாசிரியை கூப்பிட்டிருந்தார். நீள மேஜை, வெள்ளைத் துணி, வரிசையாகக் கிண்ணங்கள். பதினாலு வாட்ச்கள் வந்திருந்தன. பூதக்கண்ணாடி எதையும் தானே கழுவித் தரவில்லை. அவரவர் கையாலேயே கழுவ வைத்தாள். தண்ணீர் நிறம் மாறும்போதெல்லாம் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு 'ஐயய்யோ' எழுந்தது. கணக்கு டீச்சருடைய கிண்ணம்தான் எல்லாவற்றிலும் கறுப்பு என்று ஓவிய ஆசிரியர் அறிவித்தார். கணக்கு டீச்சர் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

கடைசியாகக் கிளார்க் தன் வாட்ச்சை நீட்டினார். தங்க நிறத்தில் தகதகவென்று இருந்தது. "எனக்குப் பாலிஷும் போட்டுக் குடுங்கக்கா. நல்லா பளிச்சுனு வரணும்."

அவள் அதை வெளிச்சத்தில் திருப்பினாள். "இது முலாம், தம்பி. சோப்புத் தண்ணில கழுவிக்கலாம். பாலிஷ் போட மாட்டேன்."

"லேசா ஒரு தேய்ப்பு தேய்ச்சாப் போதும்க்கா."

"லேசா தேய்ச்சா லேசாப் போகும், பலமா தேய்ச்சா பலமாப் போகும். போனது திரும்பாது. ஸ்டீலுக்கு நான் ஜவாப்தாரி. இதுக்கு இல்ல."

"உங்களுக்குத் தெரியாததுன்னு ஒண்ணு இருக்கா?"

"ஏன் இல்ல? அது எதுன்னு தெரிஞ்சு வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

பக்கத்துக் கிண்ணத்தில் வேன்காரர் சட்டைக் கையை முழங்கை வரை மடக்கிவிட்டுக்கொண்டு, தன் செயினைத் தானே பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார். மாதத்துக்கு ஒரு தடவை அதை அவரே செய்வது என்று வீட்டில் தீர்மானமாகியிருந்தது. ஒவ்வொரு கண்ணியாக வளைத்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, மழலையர் வகுப்புப் பிள்ளை எழுத்துப் பழகுகிற கவனத்தோடு தேய்த்தார். பின்னைச் செருகும்போது மட்டும் அது கைநழுவித் தெறித்து மேஜைக்கடியில் ஓடிவிட்டது. அவ்வளவு பெரிய உடம்பை மடக்கி அவர் மேஜைக்கு அடியில் புகுந்ததைப் பார்த்து டீச்சர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"கெடைச்சுதா?" என்று பூதக்கண்ணாடி குனிந்து கேட்டாள்.

"இரு, இரு, தேடறேன்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "பேசாம டீ குடி. இது என் வாட்ச், நானே பாத்துக்கறேன்."

அவள் நிமிர்ந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிஜமாகவே டீ குடிக்க ஆரம்பித்தாள்.